பன்னிரண்டு படங்கள்: நடுத்தர அளவுப் படச்சுருளும் நம் தோட்டத்து முகங்களும்



ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களில் பழைய படங்களைப் போட்டு வைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது பிஸ்கட் தகரப் பெட்டியாகவே இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, தமிழகத்திலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றோடு நான்கைந்து கறுப்பு வெள்ளைப் படங்களும் அதில் கிடக்கும். அவற்றைச் சற்று உற்று நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். பல படங்கள் உள்ளங்கையில் அடங்கும் சதுர வடிவில், வெள்ளை ஓரத்தோடு இருக்கும். அவ்வளவு சிறிய படத்திலும் அம்மாவின் தாலிக்கொடி தெரியும். அப்பாவின் சட்டைப் பையில் செருகிய பேனா தெரியும். நாற்காலிக் காலருகே நிற்கும் குழந்தையின் காலில் செருப்பில்லை என்பதும் தெரியும்.

இத்தெளிவுக்குக் காரணம் ஒரு படச்சுருளின் அகலம். ஆங்கிலத்தில் மீடியம் ஃபார்மட் என்று வழங்கும் நடுத்தர அளவுப் படச்சுருளும், அதற்கென அமைந்த கருவியுமே நம்மவர்களின் முகங்களை இந்நாட்டில் பதிவு செய்தவற்றுள் முதன்மையானவை என்பது என் கருத்து. அண்மையில் அத்தகைய பழைய கருவி ஒன்று என் கைக்கு வந்தது. அதில் ஒரு முழுச் சுருள் படமெடுத்துப் பார்த்த பிறகே இவ்வரலாற்றில் பல செய்திகள் எனக்கு விளங்கின.

முதலில் ‘நடுத்தரம்’ என்னும் பெயரைப் பார்ப்போம். எதற்கும் எதற்கும் நடுவில்?

ஒளிப்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது படச்சுருள் என்ற பொருளே கிடையாது. செம்புத் தகட்டில் வெள்ளி பூசி அதில் உருவத்தைப் பதித்தனர். பிறகு தாளும் கண்ணாடியும் வந்தன. எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவில் நெகட்டிவும் இருந்தாக வேண்டும் என்பதே அக்காலத்து நிலை. 1850-களின் இறுதியில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சையையும் படமெடுக்கச் சென்றபோது தாள் நெகட்டிவுகளையும் மருந்துகளையும் பெருங்கருவியையும் ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார் என்பது ஒளிப்பட வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. தமிழ் எழுத்துகள் அத்தனை நீளத்திற்குப் படமானது அதுவே முதன்முறையாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, 1925-இல் ஜெர்மனியிலிருந்து லைக்கா என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தது. திரைப்படச் சுருளையே பயன்படுத்தி, 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள சின்னஞ்சிறு நெகட்டிவை அது தந்தது. கண்ணாடித் தகடு ஒருபுறம், இச்சிறு சுருள் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நடுத்தர அளவு.

ஆனால், வயதில் அது லைக்காவுக்கு மூத்தது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1901-இல் இரண்டாம் எண் பிரௌனி என்னும் எளிய பெட்டிக் கருவிக்காக வெளியிட்ட 120-ஆம் எண் சுருள்தான் இன்றும் கடைகளில் விற்கப்படும் நடுத்தர அளவுச் சுருள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அகலம் மாறவில்லை. ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள படலம். அதன் முதுகில் ஒளி புகாத தாள். தாளில் அச்சிட்ட எண்கள். 6-க்கு 9 என்ற அளவில் எடுத்தால் 8 படங்கள், சதுரமாக எடுத்தால் 12 படங்கள், 6-க்கு 4.5 என்று சுருக்கினால் 16 படங்கள். அவ்வளவுதான் ஒரு சுருள்.

இச்சுருள் ஏழைகளுக்கும் எட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. நெகட்டிவைப் படத்தாளின் மேல் வைத்து ஒளி காட்டினாலே பார்க்கத் தக்க அளவில் படம் கிடைத்துவிடும். உருப்பெருக்கும் கருவி வேண்டியதில்லை. சன்னலின் பகல் வெளிச்சத்தைக் கொண்டே படம் போடலாம். தபால் தலையளவு உள்ள லைக்கா நெகட்டிவில் இது நடவாது. பிஸ்கட் பெட்டியில் உள்ள உள்ளங்கையளவுப் படங்கள் இவ்வாறு நெகட்டிவோடு ஒட்டிப் பிறந்தவையே.

இனி நம் பகுதிக்கு வருவோம்.

ஒளிப்படம் மலாய்த் தீவக்குறைக்கு வந்தது மிக முன்னதாகவே. 1843-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் லண்டன் ஹோட்டல் நடத்திய காஸ்டன் டுட்ரோன்குவா, தகட்டில் உருவம் பதித்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அதே காலத்தில் ஒளிப்படத்தைக் கண்டு வியந்து எழுதிய உள்ளூர்வாசி ஒருவர் உண்டு. அவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் தோன்றி, சிறுவயதில் தமிழும் கற்றவர். 1849-இல் அச்சான தம் வரலாற்று நூலில், சிங்கப்பூர் நகரம் அப்படியே தகட்டில் இறங்கியிருந்ததைப் பார்த்த வியப்பை அவர் பதிவு செய்திருக்கிறார். தமிழ் கற்ற ஒருவர் ஒளிப்படத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் எழுதிய முதற்குறிப்பு மலாய்மொழியில் இருப்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பின்னர் 1862-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் சிங்கப்பூரில் படக்கூடம் திறந்தார். 1867-இல் லம்பர்ட் நிறுவனம் தொடங்கியது. ஜொகூரை நவீனமாக்கிய சுல்தான் அபுபக்கர் (ஆட்சிக்காலம் 1862–1895) பதக்கங்களோடு நிற்கும் படங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். அரசருக்கும் துரைக்கும் தவுக்கேக்கும் அன்று படம் எளிது.

தமிழர் படமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால், பெயர் இருக்காது. ஆர்னல்ட் ரைட் 1908-இல் பதிப்பித்த பிரித்தானிய மலாயா பற்றிய பெருநூலில் தோட்டங்கள், தொழிற்சாலைகள், பால்மரக் காடுகள் எனப் படங்கள் நிறைந்திருக்கின்றன. துரைமார்களுக்குக் குலம், கல்வி, மனைவி பெயர் வரை உண்டு. மரத்தடியில் கத்தியோடு நிற்கும் நம் மூதாதையர் ‘தமிழ்க் கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றனர். அக்காலத்து அஞ்சலட்டைகளிலும் இதே கதைதான். படம் எடுத்தவருக்கு அவர்கள் இயற்கைக் காட்சியின் ஓர் உறுப்பு. தென்னை மரம் நிற்பதுபோல் அவர்களும் நின்றார்கள்!

பெயரோடு கூடிய படம் நம்மவர்க்குக் கிடைத்தது பட்டணத்துப் படக்கடைகள் பெருகிய பின்னரே. 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரயில் பாதை வந்து சேர்ந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எனப் பாதையோரப் பட்டணங்கள் வளர்ந்தன. 1924-இல் சிங்கப்பூர்த் தரைப்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. படச்சுருளும் தாளும் மருந்தும் சிங்கப்பூரிலிருந்து சரக்கு வண்டியில் வரலாயின. போருக்கு முன் மலாயாவின் பல பட்டணங்களில் ஜப்பானியர் படக்கடை நடத்தினர். படையெடுப்புக்குப் பிறகு, அவர்கள் அனைவரும் உளவாளிகளே என்று ஊர் பேசிக்கொண்டது. எல்லாரும் அப்படி இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆயினும் பாட்டன்மார் காலத்துக் கதைகளில் ஜப்பானியப் படக்காரர் இல்லாத ஊரே இல்லை. போருக்குப் பின் படக்கடைத் தொழில் பெரும்பாலும் சீனர் கைக்குச் சென்றது.

இக்கடைக்காரர்கள் கடைக்குள் பெரிய தகட்டுக் கருவியை வைத்துக்கொண்டாலும், வெளியே எடுத்துச் செல்லத் தோதாக இருந்தது இரட்டைக் கண் கருவியே. அதன் கதை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் தொடங்குகிறது. பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக் என்னும் இருவர் 1920-இல் தொடங்கிய நிறுவனம் 1929-இல் ரோலிஃப்ளெக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. மேலும் கீழுமாக இரண்டு லென்சுகள். மேல் லென்சு பார்ப்பதற்கு. கீழ் லென்சு பதிவதற்கு. உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி, மேல் லென்சின் உருவத்தைத் தேய்த்த கண்ணாடித் திரையில் காட்டும். படமெடுப்பவர் கருவியை வயிற்றருகே பிடித்துக்கொண்டு தலை குனிந்து பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் பெண் செய்திப்பட நிபுணர் ஹோமாய் வியாரவாலாவின் கையிலும் இக்கருவி இருந்தது.

போருக்குப் பின் ஜப்பானியர் இதே அமைப்பில் மலிவான கருவிகளைச் செய்தனர். யாஷிகா நிறுவனத்தின் யாஷிகா-மேட் 1957-இல் வந்தது. நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு! என் கைக்கு வந்ததும் அவ்வகைக் கருவியே. ரோலிஃப்ளெக்ஸ் வாங்க வசதியில்லாத சிறு பட்டணத்துக் கடைக்காரர்களுக்கும் திருமணப் படக்காரர்களுக்கும் இத்தகைய ஜப்பானியக் கருவிகளே வாழ்வளித்தன.

ஆனால், நம்மவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கருவிக்கு முன் நிறுத்தியது திருமணமோ தீபாவளியோ அன்று. அது அவசரகாலம். 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபின், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் பதிவு செய்துகொண்டு அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அட்டையில் படமும் கட்டைவிரல் ரேகையும் இருந்தாக வேண்டும். இதுவே நாம் இன்று ‘ஐசி’ என்று சொல்வதன் பிறப்பு. அதுவரை படமே எடுத்திராத ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வரிசையில் நின்று வாழ்வின் முதற்படத்தை எடுத்துக்கொண்டனர். காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். அட்டை இல்லாவிட்டால் அரசின் சந்தேகம். இருந்தால் காட்டுக்காரரின் சினம். ஒரு சிறு படத்துக்காக இருபக்கமும் அஞ்சி வாழ்ந்த தலைமுறை அது.

அந்தப் படங்களில் யாரும் சிரிக்கவில்லை என்று இளையோர் கேலி செய்வதுண்டு. எப்படிச் சிரிப்பார்கள்?

இனி, என் முதற்சுருளைப் பற்றி.

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பழைய லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்குச் சென்றேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டம். பெரும்பாலான குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தவை ஏழெட்டுக் குடும்பங்கள், முனியாண்டி கோயில், ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை.

கருவியின் மூடியைத் திறந்ததும் தேய்த்த கண்ணாடியில் லயம் தெரிந்தது. அந்தக் காட்சியைச் சொல்லில் விளக்குவது கடினம். கைப்பேசித் திரையில் தெரிவதும் படம்தான். ஆயினும் இது வேறு. நான்கு சுவர்களுக்குள் ஒரு சிறு உலகம் ஒளிர்ந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. தகரக் கூரையின் துரு, வாசலில் காயும் துணி, ஓடும் கோழி எல்லாம் அசைகின்றன, ஆனால் ஓசையில்லை. அதோடு, இடமும் வலமும் மாறித் தெரிகின்றன. கருவியை இடப்பக்கம் திருப்பினால் காட்சி எதிர்ப்பக்கம் நழுவுகிறது. கோயிலைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவர உடம்பே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கைக்கு மனம் கட்டளையிடுவதை விட்டு, கண்ணாடியில் தெரிவதை மட்டும் நம்பிக் காலை மெல்ல நகர்த்தினால்தான் காட்சி நிலைகொள்கிறது.

அடுத்து, எண்ணிக்கை. பன்னிரண்டே படங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நான் எடுத்தவை மூன்று. ஒவ்வொன்றிற்கும் ஒளியை அளந்து, துளையின் அளவையும் ஷட்டரின் வேகத்தையும் வைத்து, உருப்பெருக்கு வில்லையை நிமிர்த்தித் தெளிவைச் சரிபார்த்து, அதன்பின் பொத்தானை அழுத்தினால், ‘டிக்’ என்று கடிகாரம் போல் ஒரு சிறு ஓசை. பக்கத்துக் கைப்பிடியை முன்னும் பின்னும் சுற்றினால் அடுத்த படத்துக்குச் சுருள் நகரும். கருவியின் எடை ஒரு கிலோவுக்கு மேல்; கழுத்துப் பட்டை பத்தே நிமிடத்தில் தன் இருப்பை உணர்த்திவிடுகிறது.

நான் கருவியோடு நிற்பதைக் கண்டு, கடைசி வீட்டிலிருந்து எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் வந்தார். அவருடைய படத்தை எடுக்கலாமா என்று கேட்டேன்.

“இந்த மிசின்லயா எடுக்கப் போறீங்க வாத்தியாரே? அப்ப இருங்க” என்று சொல்லி உள்ளே போனார்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது சேலை மாறியிருந்தது, தலை வாரியிருந்தது, நெற்றியில் திருநீறு. பேரனை அழைத்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதில் உட்காரவில்லை. அதன் முதுகில் ஒரு கையை ஊன்றி, மற்றொரு கையை நேரே தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்றார். மூச்சையும் அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிஸ்கட் பெட்டிகளில் நாம் காணும் அதே நிலை! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கைப்பேசியைக் காட்டியிருந்தால் அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

“ஐசிக்குத்தான் மொதல்ல எடுத்தாங்க. பன்னெண்டு வயசு. அப்பா கைய புடிச்சிக்கிட்டு லாரியில போனோம். படக்காரரு தலையக் குனிஞ்சுகிட்டாரு. எனக்கு என்னமோ அவரு கும்புடுற மாதிரி இருந்துச்சு” என்று படம் எடுத்த பிறகு சொன்னார்.

இந்தச் சொல்லைக் கேட்டபின் நான் பழைய படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கருவி வயிற்றின் உயரத்தில் இருப்பதால் அது எதிரில் நிற்பவரைச் சற்றே கீழிருந்து பார்க்கிறது. குள்ளமானவரும் உயரமாகத் தெரிகிறார். படக்காரரின் ஒரு கண்ணை மூடிய முகம் எதிரில் இல்லை. அவருடைய உச்சந்தலைதான் தெரிகிறது. பிரட்டுக் களத்தில் கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் முன் தலை குனிந்து நின்ற ஒருவர், வாழ்நாளில் தமக்கு முன் வேறொருவர் தலை குனிவதைக் கண்ட இடம் படக்கடையாகத்தான் இருந்திருக்கும். படக்காரர் குனிந்தது கண்ணாடியைப் பார்க்கத்தான். இருந்தாலும் எதிரில் நின்றவரின் முகத்தில் அதன் விளைவு பதிந்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டு நூலில் உள்ள பெயரற்ற முகங்களோடு 1950-களின் குடும்பப் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு தெரியும். முன்னதில் அவர்களை யாரோ நிறுத்தி வைத்தார்கள். பின்னதில் அவர்களே காசு கொடுத்து, சேலையும் நாற்காலியும் தேர்ந்து நின்றார்கள்.

ஆசிரியன் என்பதால், பள்ளிப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வகுப்புப் படம் என்பது ஒரு கணக்கு. ஒரு வரிசையில் 14 மாணவர்கள் நிற்கிறார்கள் என்று கொள்வோம். சதுர நெகட்டிவின் உண்மையான அகலம் 56 மில்லிமீட்டர். ஒவ்வொரு மாணவருக்கும் 4 மில்லிமீட்டர் கிடைக்கும். 35 மில்லிமீட்டர்ச் சுருளில் படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர்தான். ஒருவருக்கு இரண்டரை மில்லிமீட்டர். பரப்பில் பார்த்தால் ஒரு முகத்துக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேறுபடும். இரண்டையும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால், ஒன்றில் மூன்றாம் வரிசைச் சிறுமியின் முகத்தில் கண், மூக்கு, வெட்கம் எல்லாம் இருக்கும். மற்றொன்றில் வெள்ளி மணிகள் சிதறிய ஒரு மங்கல் வட்டம் இருக்கும்.

மலாயா விடுதலை பெற்ற 1957-இல் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை 888 என்று பொதுவாகக் குறிப்பிடுவர். இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, சிறு பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. மறைந்த பள்ளிகள் பலவற்றுக்குக் கட்டடம் இல்லை, பதிவேடு இல்லை. வகுப்புப் படம் ஒன்று மட்டும் யாரேனும் ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவன் பிடித்துள்ள பலகையில் பள்ளியின் பெயரும் ஆண்டும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தை இன்றும் படிக்க முடிகிறது என்றால், அன்று அதை எடுத்த நெகட்டிவ் பெரிதாக இருந்தது என்று பொருள்.

கடல் கடந்து சென்ற படங்கள் வேறொரு கதை. ‘ரஜூலா’ கப்பல் 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. அதில் போகும் கடிதங்களில் பிள்ளைகளின் படம் இருக்கும். பெண் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும்கூடப் படத்தின் வழியே நடந்தன. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் வேலை அனுமதி பெற வேண்டிய நிலை ஏற்பட்டபோது பல்லாயிரம் தமிழர்கள் ஊர் திரும்பினர். குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. புறப்படுமுன் பட்டணத்துக்குப் போய் எல்லாருமாக ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு படி இங்கே, ஒரு படி அங்கே. புதுக்கோட்டையிலோ நாமக்கல்லிலோ ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தின் பின்புறத்தில் குளுவாங் கடையின் முத்திரை இருக்கக்கூடும்.

தமிழகத்தைச் சொல்லும்போது ஒருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். உலகமே சிறு கருவிக்கும் வண்ணத்துக்கும் மாறிய பின்னரும் கறுப்பு வெள்ளையை விடாதவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு கனமான கருவியை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டுதான் முதுமலை யானைகளைத் தேடி நடந்தார். யானைக்கு முன்னும் அவசரப்படாத மனிதர்!

நீலகிரியிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. படச்சுருளுக்கு அயல்நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்று இந்திய அரசு 1960-இல் உதகையில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தை அமைத்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்னும் பெயரில் (நிலவைக் குறிக்கும் சொல்) கறுப்பு வெள்ளைச் சுருள், படத்தாள், ஊடுகதிர்ப் படலம் ஆகியவை அங்கிருந்து வந்தன. வண்ணம் வந்தது, பிறகு எண்மம் வந்தது. தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டது.

நிலவு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1969-இல் நிலவில் இறங்கியவர்கள் கொண்டுசென்றவையும் சதுரப் படம் தரும் ஹாசல்பிளாட் கருவிகளே. 70 மில்லிமீட்டர்ச் சுருள் என்பதால் அகலம் சற்றுக் கூடுதல். திரும்பும்போது எடை குறைய வேண்டும் என்று கருவியை அங்கேயே விட்டுவிட்டுச் சுருள் பெட்டியை மட்டும் எடுத்து வந்தனர். நெகட்டிவின் மதிப்பை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். நம் பட்டணங்களில் நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. கருவியைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு நெகட்டிவுகளைக் குப்பைக்கு அனுப்பினோம்.

1980-களில் வண்ணப் படத்தை ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் இயந்திரங்கள் வந்தன. அவை 35 மில்லிமீட்டருக்கென அமைந்தவை. சதுரச் சுருள் திருமணப் படக்காரர்களிடம் இன்னும் சில ஆண்டுகள் நின்றது. எண்மக் கருவி வந்தபின் அதுவும் போயிற்று. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்த நெகட்டிவுகளை யாரும் கேட்கவில்லை. தமிழகத்தில் பல படக்கூடங்கள் நெகட்டிவுகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டன. எஞ்சியவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர், அழியும் ஆவணங்களைக் காக்கும் பிரித்தானிய நூலகத் திட்டத்தின் துணையோடு தேடி எண்மப்படுத்தினர். நம் ஜொகூரில் இத்தகைய முயற்சியைத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களே மேற்கொள்ளலாம். பெரிய செலவு இல்லை.

நம் தட்பவெப்பமும் ஒரு பகை. நவம்பர் முதல் சனவரி வரை பருவமழை. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. பழைய கருவிகளின் லென்சுக்குள் சிலந்தி வலை போல் பூஞ்சணம் படர்கிறது. நெகட்டிவின் மேலுள்ள பசைப் படலமும் பூஞ்சணத்துக்கு உணவே.

எனவே, வீட்டில் பழைய நெகட்டிவ் கிடைத்தால் சில செய்திகளைக் கவனியுங்கள். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். புளித்த காடி வாடை வீசினால் அசிட்டேட் படலம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். நெகிழிப் பைகளில் திணிக்காமல், அமிலமற்ற தாள் உறைகளில் தனித்தனியே இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகளோடு மூடிய பெட்டியில் வைக்கலாம். வெள்ளைத் திரையைக் காட்டும் கணினியின் மேல் நெகட்டிவைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கைப்பேசியால் படமெடுத்து நிறத்தை எதிர்மாறாக்கினாலே முகம் யாருடையது என்று தெரிந்துவிடும். பெரிய நெகட்டிவ் அல்லவா, அதற்கு அதுவே போதும்.

படங்களாக இருந்தால் பின்புறத்தை முதலில் பாருங்கள். கடையின் முத்திரை, பட்டணத்தின் பெயர், சில வேளை பென்சிலில் எழுதிய எண் இருக்கும். அந்த எண், கடைக்காரர் நெகட்டிவைத் தேடி எடுக்க எழுதியது. பிறகு, வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே படத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் இடமிருந்து வலமாகக் கேட்டு, தனித் தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். மைப்பேனாவால் படத்தின் மேலேயே எழுத வேண்டாம். பெயர், உறவு, தோட்டம், எத்தனையாவது லயம். லயத்தின் எண் தெரிந்தால் அதையும் மறவாமல் குறியுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடைய மூன்று முனியம்மாக்கள் இருந்திருக்கிறார்கள்.